கோட்டில் விழுந்த பந்து

அந்த வீட்டில் பதினோரு மாதமாக யாரும் யாரோடும் பேசவில்லை. சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. சண்டை என்றால் பாத்திரம் உருளும், கதவு அறையும், பக்கத்து வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போட வருவார். இங்கே அப்படி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதம் ஈரத் துணியோடு வந்து வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ஒன்றும் தேறாது என்று வேறு பக்கம் கொடி கட்டிக்கொண்டார்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே மாஸ்டர் என்றது. கோடை லீவு விட்டதும் பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் முகாம் நடத்துவார். இருபத்தாறு கோடை, ஒன்றுகூட விட்டதில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டேதான் தூங்குவார் என்றும், குறட்டை விடும்போது அது ஊதி, தெருமுனையில் நிற்கும் டிராபிக் போலீஸ்காரர் திடுக்கிட்டு வண்டிகளை நிறுத்திவிடுவார் என்றும் சொல்வார்கள். போலீஸ்காரர் இதை மறுத்ததில்லை.

அவள் தையற்காரி. முகாம் பிள்ளைகளுக்குத் தையலம்மா. முன்னறையில் இரண்டு மிஷின், சுவரில் நூல்கண்டு வரிசை, கழுத்தில் எப்போதும் ஒரு டேப். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். ஒரு தரம் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்து, "இடது பக்கம் அரை இஞ்சு எறங்கியிருக்கு" என்றாள். மறுநாள் காலை அந்த பஸ் இடது பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்து நடுரோட்டில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் வந்து தன் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

முகாமில் விசிலைத் தவிர மற்றதெல்லாம் அவள் வேலை. பனியனில் நம்பர் தைப்பது, கிழிந்த வலையை நைலான் நூலால் பின்னுவது, காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு, எட்டு மணிக்கு முப்பத்தாறு பிள்ளைகளுக்கு முட்டையும் வாழைப்பழமும், முழங்கை சிராய்ப்புக்கு மருந்து. எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்குப் புள்ளி எழுதுவது. தையற்காரி கண் தப்பாது என்பதால் அவள் எழுதியதுதான் எழுத்து. இருபத்தாறு வருஷத்தில் ஒரு கோட்டைக்கூட அவள் அடித்து எழுதியதில்லை.

பேச்சு நின்றபோது குடும்பம் நிற்கவில்லை. விரலில் நடந்தது. வாலிபாலில் முன்வரிசையில் நிற்கிறவர்கள் எதிராளி பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டி அடுத்த ஆட்டத்தைச் சொல்வார்கள். அதையே அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரு விரல் என்றால் பசி. இரண்டு விரல் என்றால் தண்ணீர் மோட்டரைப் போடு. மூன்று என்றால் வாசலில் ஆள். நாலு என்றால் வெளியே போகிறேன். மூடிய கை என்றால் வேண்டாம். முதல் மாதம் மறந்துபோய் முகத்துக்கு நேராகக் காட்டினார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டே காட்டப் பழகினார். அதுவும் அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் முகாம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால், அவள் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டிவிட்டாள். கை அதன் பாட்டுக்குக் கொட்டியது. அவள் மனசு அங்கே இல்லை. எங்கே என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. உப்பு டீயை இரண்டு பேரும் பதினோரு நாள் குடித்தார்கள். அவள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு அது தெரியவே இல்லை. ஊசி நகக்கண்ணில் ஏறினாலும் ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் அவளுக்குத் தெரியும், அப்படிப்பட்ட நாட்கள் அவை. பன்னிரண்டாம் நாள் முட்டைக்காரர் வந்தார்.

முட்டைக்காரர் சைக்கிளில் நூற்றைம்பது முட்டையோடு வருகிறவர். ஒரு தரம் லாரி இடித்து மூன்று குட்டிக்கரணம் போட்டு எழுந்தபோது ஒரே ஒரு முட்டையில் மட்டும் கீறல் விட்டிருந்தது என்பார், அதுவும் கோழி விட்ட கீறல் என்பார். முகாமுக்கு எத்தனை தட்டு முட்டை வேண்டும் என்று கேட்க வந்தவருக்கு அவள் டீ கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது டீயா, வாய் கொப்புளிக்கக் குடுத்தீங்களா?"

அவள் டப்பாவைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் இருந்த பந்து ஒன்றை எடுத்துக் காற்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே தெரிந்திருந்தது. சொல்லாமல் குடித்திருக்கிறார்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க போங்க" என்றார் முட்டைக்காரர். "உங்க வீட்டுக்கு வந்தா எனக்கே கை பேச ஆரம்பிச்சிடுது. போன வாரம் எம் பொண்டாட்டி கிட்ட மூணு விரலக் காட்டுனேன். மூணு நாள் வீட்டுப் பக்கம் வர மாட்டேன்னு எடுத்துக்கிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எட்டு விரல் காட்டினார், எட்டுத் தட்டு என்று. அவள் தலையாட்டினாள். சைக்கிளை எடுக்கும்போது, பாப்பா போன் பண்ணுதா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பண்ணுவாள் என்றாள் அவள். அவளுக்கு வெளியாட்களோடு பேச்சு உண்டு. வீட்டுக்குள்தான் இல்லை.

பாப்பா என்றால் மகள். பதினெட்டு வயது. இப்போது சித்தி வீட்டில் தங்கி ஒரு கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிக்கிறாள். ஐந்து தொட்டி, ஐந்து ஊர். நின்ற இடத்திலிருந்தே பார்சலைத் தூக்கிப் போட்டால் சரியான தொட்டியில் விழுமாம். மானேஜர் வேறு கிளையிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து காட்டுகிறாராம். இதையெல்லாம் சித்திதான் சொன்னாள். மகள் அம்மாவோடு பேசுவது ஞாயிறு நாலு நிமிஷம்: வெயிலா, ஆமா வெயில், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அப்பாவைக் கேட்பதில்லை. அப்பாவும் போன் அடித்தால் நாலு விரல் காட்டிவிட்டு வெளியே போய்விடுவார்.

நடந்தது இதுதான்.

முகாமின் கடைசி நாள் பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல் ஒட்டுவார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் பெரிய அணிக்குப் போவார்கள், அங்கே ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம். அதில் செட்டர் ஒருத்திதான். செட்டர் என்றால் இரண்டாவது தொடுகையில் பந்தை வலையோரம் தூக்கிக் கொடுப்பவள். போட்டோவில் அடிக்கிறவள் விழுவாள், கொடுக்கிறவளின் முழங்கை விழுந்தால் பெரிய விஷயம். போன வருஷம் அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி மகள். இன்னொருத்தி தடித்த கண்ணாடி போட்ட பெண்; முகாமில் அவள் பெயரே கண்ணாடிதான். இரண்டு பேருக்கும் முகாமில் ஆட அதுதான் கடைசி வயசு.

செட்டரைத் தேர்ந்தெடுக்க மாஸ்டரிடம் ஒரு முறை உண்டு. வலையோரம் தரையில் தையலம்மா டேப் பிடித்து ஒரு வட்டம் அளப்பாள். அதன் மேல் சுண்ணாம்புப் பொடியில் விரல் அகலக் கோடு. மாஸ்டர் பந்து எறிவார், பிள்ளை அதைத் தூக்கிக் கொடுப்பாள், யாரும் அடிக்காமல் பந்து தானாக விழ வேண்டும். வட்டத்துக்குள் விழுந்தால் நோட்டில் ஒரு கோடு. ஆளுக்கு நாற்பது பந்து. சமமாக வந்தால் மறுபடி ஆளுக்கு ஐந்து. கோட்டில் பட்டாலும் உள்ளேதான். வாலிபாலில் கோடு ஆட்டக்காரருக்குச் சொந்தம். இதை முகாமில் சேரும் பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கூடவே இன்னொன்றும் சொல்லிக் கொடுப்பார்கள்: பந்து எங்கே விழுந்தது என்று ஆடுகிறவள் வாய் திறக்கக் கூடாது. எழுதுகிறவர் எழுதுவார், ஊதுகிறவர் ஊதுவார்.

அந்தச் சோதனைக்கு முந்தின நாள், முகாமுக்குத் தினமும் வந்து தன் மகள் காலையில் எண்ணி ஆறு பாதாம் தின்கிறாள் என்று எல்லாருக்கும் விளக்கும் தகப்பனார் ஒருவர், வேப்ப மரத்தடியில் இன்னொருவரிடம் சொன்னது தையலம்மா காதில் விழுந்தது.

"செட்டர் யாருங்கறதுல என்ன சார் சந்தேகம்? எழுதுறது அம்மா, ஊதுறது அப்பா. பொண்ணு கண்ண மூடிக்கிட்டுப் போட்டாக்கூட உள்ளதான்."

பாதாம் அப்பா இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போனபின் சோதனை நடந்தது. கண்ணாடி முதலில் போட்டாள், முப்பது. மகள் போட்டாள். முப்பத்தொன்பது பந்து முடிந்தபோது இருபத்தொன்பது கோடு. நாற்பதாவது பந்து உயர்ந்து, வலையை ஒட்டி இறங்கி, சுண்ணாம்புக் கோட்டின் வெளி ஓரத்தில் விழுந்தது. பொடி தெறித்தது. அரை விரல் அளவு கோடு கலைந்தது. கண்ணாடி அப்போது பார்க்கப் பயந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். தையலம்மா பென்சிலை நோட்டில் வைத்தாள். வைத்த பென்சிலை எடுத்தாள்.

"இருபத்தொம்பது" என்றாள்.

எழுந்து போய், இனி வேலை இல்லை என்பது போல, வட்டத்தைக் காலால் தேய்த்து அழித்தாள். மாஸ்டர் பந்தை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தபடி பட்டியல் எழுதப் போனார்.

மகள் தன் காலணியைக் கழற்றி, நாடாவை அதற்குள் சுருட்டி வைத்தாள். மூன்றாம் நாள் சித்தி ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அவ்வளவுதான். ஒரு பந்து. தையலம்மாவுக்குப் புருஷன் மேல் கோபமில்லை. வாயைத் திறந்தால் முதலில் அந்தப் பந்துதான் வெளியே வரும் என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்தாள். அவர் ஏன் பேசவில்லை என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது: மகள் பெயரை விட்டுவிட்ட பட்டியல் தன் கையெழுத்து என்பதால் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைக்கிறார், நினைக்கட்டும். பதினோரு மாதம் இப்படிப் போனது. பயம்கூடத் தேய்ந்துபோய், வெறும் பேசாமை மட்டும் மிச்சம் நின்றது. அது வலிக்கவில்லை. மரத்துப்போன கால் போல, உடம்போடு இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வருஷ முகாமும் வழக்கம்போலத் தொடங்கியது. விடிந்ததும் மாஸ்டர் ஒரு டிரம் தண்ணீரைத் தரையில் தெளித்துப் புழுதியை அடக்குவார். எட்டு மணிக்கு அந்த ஈரம் பொய் சொன்னது போலக் காணாமல் போய்விடும். பிள்ளைகள் சுவரைப் பார்த்து நின்று இருநூறு தரம் பந்தை முன்கையால் தட்டினார்கள். மூன்றாம் நாளுக்குள் முன்கைகள் எல்லாம் தக்காளி நிறமாயின. நான்காம் நாள் ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்தது. மாஸ்டர் அந்த ஏழு பேரையும் நிழலில் உட்காரவைத்து வலையை அவிழ்த்து மறுபடி முடிச்சுப் போடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வயிற்றுவலி தீர்ந்தது. பதினாலு பந்து இருந்தன. அவற்றில் மூன்று முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. முட்டைக்காரர் அவற்றைத் தடவிப் பார்த்து, இது எந்தக் கோழி என்று கேட்டார்.

ஒரு நாள் வெளியூர் அணி ஒன்று பயிற்சி ஆட்டத்துக்கு வந்தது. மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். குடிநீர்த் தொட்டி காலியானது ஞாபகம் வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு முதுகில் இரண்டு விரல் காட்டினார், மோட்டரைப் போடு என்று. பிள்ளைகள் அதை ஆட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். நடுவில் நின்றவள் ஓடிவந்து வெறுமனே குதிக்க, எதிரணி முழுக்க அவளோடு குதிக்க, பந்து ஓரத்தில் காலியான இடத்தில் போய் விழுந்தது. அதன்பின் அவர் மூடிய கை காட்டினார், முட்டை வேண்டாம் என்று. அதற்கும் ஒரு புள்ளி கிடைத்தது. வெளியூர் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் வந்து, இந்த முறையை எங்கே படித்தீர்கள் என்று நோட்டும் கையுமாகக் கேட்டார். மாஸ்டர் யோசித்துவிட்டு, வீட்டில் என்றார்.

தையலம்மா அன்று சிரித்திருக்க வேண்டும். சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. மோட்டரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கடைசி நாள் வந்தது. இந்த முறை செட்டர் இடத்துக்கு இரட்டைச் சடை போட்ட ஒருத்தியும், குச்சி என்று கூப்பிடப்படும் ஒருத்தியும். தையலம்மா டேப் பிடித்து வட்டம் அளந்தாள். மாஸ்டர் சுண்ணாம்பு தூவினார். இரட்டைச் சடைக்காரி நாற்பது பந்தையும் போட்டு முடித்தாள், இருபத்துமூன்று. குச்சி போட ஆரம்பித்தாள். பதினெட்டாவது பந்து கை நழுவி வெளியே போகப் பார்த்து, காற்றில் என்ன நினைத்ததோ, கோட்டின் வெளி ஓரத்தில் விழுந்தது. பொடி தெறித்தது. அரை விரல்.

பென்சில் நோட்டில் இருந்தது. தையலம்மா அதைப் பார்த்தாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். வாய் திறக்கக் கூடாது என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"உள்ள" என்றாள் தையலம்மா.

பிள்ளைகளுக்கு முன்னால் அவள் பேசுவது புதிதில்லை. ஆனால் இது பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள். மாஸ்டர் வாயிலிருந்து விசில் நழுவிக் கயிற்றில் தொங்கியது. அடுத்த பந்தை எடுத்தார். எறியவில்லை. அதைக் கையில் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்:

"போன வருஷமும் உள்ளதான்."

ஒரு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. குரல் துருப்பிடித்த கேட் மாதிரி வந்தது.

"பாத்தீங்களா?"

"பந்துல சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தொடச்சேன்."

அந்தக் கால்சட்டையை அவள்தான் துவைத்தாள். தொடையில் வெள்ளைத் தீற்றல் இருந்தது. கோடு போட்டபோது பட்டது என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

"பாத்துட்டு ஏன் ஊதல?"

"நீ எழுதுவேன்னு நெனச்சேன். நீ எழுதல. எம் பொண்ணுக்காக நான் எப்படி ஊதறது?" அவர் பந்தைச் சுற்றுவதை நிறுத்தினார். "நீ ஏன் எழுதல?"

"நீங்க ஊதுவீங்கன்னு" என்றாள் அவள். பென்சிலைப் பார்த்துக்கொண்டே, "எம் பொண்ணுன்னு" என்றாள்.

குச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாஸ்டர், இன்னும் இருபத்திரண்டு பந்து இருக்கு" என்றாள், மெதுவாக.

இருந்தது. இருபத்திரண்டையும் எறிந்தார்கள், இருபத்திரண்டையும் எழுதினார்கள். குச்சிக்கு இருபத்தாறு. பட்டியல் எழுதி ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டினார்கள். இரட்டைச் சடைக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே குச்சியின் சடையைப் பிடித்து ஒரு இழு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மாஸ்டர் வலையைக் கழற்ற, தையலம்மா மறு முனையைப் பிடித்து மடித்தாள். வீடு வரைக்கும் இருவரும் பேசவில்லை. ஆனால் இது வேறு மாதிரிப் பேசாமை. பழையதற்குச் சத்தமே இல்லை. இதில் செருப்புச் சத்தம் கேட்டது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவள் போனை எடுத்து மேஜையில் வைத்து, சத்தம் வெளியே வருகிற பொத்தானை அழுத்தினாள். மாஸ்டர் பழக்க தோஷத்தில் முதுகைத் திருப்பி நாலு விரல் காட்டினார். அவள் அந்த நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"ஞாயித்துக்கெழம இல்லியேம்மா" என்றது போன். பின்னால் பார்சல் விழும் சத்தம்.

தையலம்மா சொன்னாள். நீட்டி முழக்கவில்லை. நாற்பதாவது பந்து கோட்டில் பட்டது, நான் பார்த்தேன், எழுதவில்லை, அப்பாவும் பார்த்தார், ஊதவில்லை. பாதாம் அப்பா சொன்னதைச் சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லவில்லை. அந்த மனிதர் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

போனில் இரண்டு பார்சல் விழுந்தது.

"தெரியும்மா" என்றாள் மகள். "பந்து விழுந்ததப் பாத்தேன். நீ பென்சில வச்சு எடுத்ததப் பாத்தேன். அப்பா பந்தத் தொடச்சதப் பாத்தேன்."

"ஏன்டி நீ சொல்லல?"

"ஆடுறவ வாயத் தொறக்கக் கூடாதுன்னு பத்து வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்தது யாரு?"

மாஸ்டர் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மூணு நாள் வீட்டுல இருந்தேன்ல" என்றாள் மகள். குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. முகவரி படிப்பது போலப் படித்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். சோறு போட்டீங்க. துணி மடிச்சு வச்சீங்க."

வெயில் ஜன்னல் வழியாக வந்து மிஷின் மேல் கிடந்தது.

"நோட்டு இருக்காம்மா?"

இருந்தது. தையலம்மா போன வருஷத்துப் பக்கத்தைத் திருப்பினாள். இருபத்தொன்பது கோட்டுக்குப் பக்கத்தில் முப்பதாவதைப் போட்டாள். பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் மகளுக்குக் கேட்டிருக்கும்.

"முப்பதும் முப்பதும்னா, அப்புறம் அஞ்சு பந்து உண்டு இல்ல?"

"உண்டு" என்றார் மாஸ்டர். மகளிடம் அவர் பேசியதும் ஒரு வருஷத்தில் அதுதான் முதல்.

"எனக்கு ஞாயித்துக்கெழம லீவு" என்று சொல்லி மகள் போனை வைத்தாள்.

ஞாயிறு காலை, முகாம் முடிந்து காலியாகக் கிடந்த மைதானத்தில் மாஸ்டர் ஒரு டிரம் தண்ணீரையும் தனி ஆளாகத் தெளித்தார். இருவரும் வலையைக் கட்டினார்கள். வட்டம் அளந்தபோது தையலம்மா மூன்று தரம் அளந்தாள். கண்ணாடி கல்லூரி லீவில் வந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் மறுபேச்சுப் பேசாமல் வந்துவிட்டாள். முட்டைக்காரர் யாரும் கூப்பிடாமல் வந்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நின்றார். அவர் கையில் முட்டை இல்லை. முட்டை இல்லாமல் அவரைப் பார்த்தது அன்றுதான். ஆள் பாதியாகத் தெரிந்தார்.

மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்கு வந்தாள். பழைய காலணி. உள்ளே சுருட்டி வைத்த நாடாவை அங்கேதான் பிரித்துக் கட்டினாள். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்பாவைப் பார்த்து, "எறிங்க" என்றாள்.

முதல் பந்து உள்ளே. இரண்டாவது உள்ளே. மூன்றாவது கோட்டில், பொடி தெறித்தது. "உள்ள" என்று தையலம்மா சத்தமாகச் சொல்லி எழுதினாள். நான்காவது நட்டநடுவில், பார்சல் மாதிரி விழுந்தது. ஐந்தாவது பந்து உயர்ந்தது. வலையை ஒட்டி இறங்கியது. கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி விழுந்தது.

தையலம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள். சுண்ணாம்பு கலையவில்லை. ஈரத்தில் பந்தின் தடம் தனியாக இருந்தது. இரண்டு விரல். தையற்காரி கண்ணுக்கு அது இரண்டு முழம்.

"வெளிய" என்றாள். மாஸ்டர் விசில் ஊதினார்.

மகள் குனிந்து தடத்தைப் பார்த்தாள். தலையாட்டிவிட்டு நகர்ந்தாள்.

கண்ணாடி வந்து நின்றாள். நின்று, மெல்லக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு வலை இருப்பதே தெரியாது. ஒரு தரம் கொடிமரத்திடம் வழி கேட்டவள்.

"கண்ணாடியப் போடு" என்றாள் மகள்.

"வேர்க்குது, வழுக்குது…"

"போடுடி."

கண்ணாடி போட்டாள். ஐந்து பந்து போட்டாள். ஐந்தும் உள்ளே. கடைசிப் பந்து விழுந்ததும் அவள் அங்கேயே உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். மகள்தான் போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். முட்டைக்காரர் சைக்கிள் மணியை ஒரு தரம் அடித்துவிட்டு, ஏன் அடித்தோம் என்று தெரியாமல் அதைத் துடைத்தார்.

தையலம்மா நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு, ஐந்து. மறுபடி ஒரு பந்து வித்தியாசம். மகள் வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"போன வருஷம் போனது உங்க பந்து" என்றாள். "இது எம் பந்து. இத நான் வச்சுக்கறேன்."

வலையைக் கழற்றினார்கள். மகள் மடித்துக் கொடுத்தாள். கண்ணாடி முட்டைக்காரர் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு போனாள். மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். சாயங்காலப் பஸ்ஸில் போகணும், நாளைக்கு வேலை இருக்கு என்றாள் மகள். சரி என்றாள் அம்மா. மாஸ்டர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் வந்தது. ஒரு விரல் நீண்டது.

மகள் பார்த்தாள். "இது என்னம்மா ஆட்டம்?"

"பசிக்குதாம்."

"வாயால சொல்லச் சொல்லு."

விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மடங்கியது. அவர் திரும்பவில்லை, நடையும் நிற்கவில்லை.

"பசிக்குது" என்றார்.